ஸ்பிட்ஃபயர் படமும் இரண்டு பென்சில் கையெழுத்தும்: அசலா, அச்சா?

#1 குன்னத்தூரான்

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே எல்லாரும் எழுதுவதை வாசித்துவிட்டு ஓசைப்படாமல் போய்விடுவேன். இன்றைக்குக் கேட்டே ஆகவேண்டிய நிலை.

போன மாதம் இங்கிலாந்து ஏலத் தளம் ஒன்றில் ஒரு விமான ஓவிய அச்சு வாங்கினேன். பெரிய பெயரெடுத்த ஓவியர் இல்லை. 1940 ஆகஸ்ட், இங்கிலாந்தின் டார்செட் கடற்கரைக்கு மேல் மூன்று ஸ்பிட்ஃபயர்கள் (பிரிட்டிஷ் போர்விமானம்) ஒரு ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 110ஐத் துரத்துகின்றன. முன்னால் போகிற ஸ்பிட்ஃபயர் சுட்டுக்கொண்டிருக்கிறது, இறக்கையிலிருந்து புகைக் கோடு. கீழே வெள்ளை ஓரத்தில் இடது பக்கம் 318/850 என்று எண், வலது பக்கம் ஓவியர் கையெழுத்து, நடுவில் இன்னும் இரண்டு கையெழுத்து. எல்லாமே பென்சில். விலை 62 பவுண்டு. தபாலும் சுங்கமும் சேர்ந்து படத்தின் விலையைத் தாண்டிவிட்டன. இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கூட வந்த சான்றிதழில் பாப் டோ என்கிற விமானியின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவது கையெழுத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கிறுக்கலாக இருப்பதால் படிக்கவும் முடியவில்லை. விற்றவரிடம் எழுதிக் கேட்டால், தான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்கிறார். ஏமாந்துவிட்டேனா?

இன்னொன்று. படத்தின் அடியில் ‘234 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன்’ என்று அச்சாகியிருக்கிறது (ஸ்குவாட்ரன் என்றால் விமானப்படைப் பிரிவு). நம்ம மெட்ராஸா?

#2 பழையகாகிதம்

பதறாதீர்கள் தம்பி. முதலில் ஒரு லூப் வேண்டும். நகைக்கடைக்காரர் கண்ணில் மாட்டிக்கொள்வாரே, அதே பத்து மடங்கு லூப் போதும்.

முதலில் படத்தின் வானத்தைப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பொடிப்பொடியாகப் புள்ளிகள் பூ மாதிரி வட்டம் கட்டி நின்றால் அது ஆஃப்செட் அச்சு. அதில் குறை ஒன்றும் இல்லை, அந்தக் காலத்து எண்ணிட்ட பிரதிகளில் பெரும்பாலும் அதுதான். அடுத்து லூப்பைக் கையெழுத்துக்கு நகர்த்துங்கள். அங்கேயும் புள்ளி தெரிந்தால் கையெழுத்தும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது, கதை முடிந்தது. புள்ளி இல்லாமல், காகித நாரின் மேட்டில் மட்டும் கரி ஒட்டி, பள்ளத்தில் வெள்ளை தெரிந்தால் பென்சில்.

அப்புறம் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துத் தாளைச் சாய்த்துப் பாருங்கள். பென்சில் கோடு ஒரு கோணத்தில் பளபளக்கும், அச்சு மை பளபளக்காது. தாளின் பின்பக்கம் விரலை மெதுவாக ஓட்டினால் அழுத்தி எழுதிய இடம் தட்டுப்படவும் செய்யலாம். ரப்பரை மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள். ‘லேசாக அழித்துப் பார்த்தேன்’ என்று எழுதிய ஒரு மகானுபாவர் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்.

#3 தட்டான்

850 பிரதிக்கு ‘லிமிட்டெட் எடிஷன்’ என்று பெயரா? என் கல்யாணப் பத்திரிகையே 500தான் அடித்தோம். எண் போட்டு வைத்திருந்தால் இன்றைக்கு விற்றிருக்கலாம்.

#4 ஈஸ்ட்ஹாம் குமரன்

தட்டான் அண்ணை பகிடி விட்டாலும் விசயம் உண்மைதான். 850க்கு மேலே ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப் என்று ஓவியருக்கு ஒரு கட்டு, பதிப்பகத்துக்கு என்று ஒரு கட்டு, ஓரத்தில் ஓவியரே பென்சிலால் ஒரு குட்டி விமானம் கீறித் தருகிற ‘ரிமார்க்’ பிரதி என்று இன்னும் கொஞ்சம். எல்லாம் கூட்டினால் ஒரு ஊருக்கே ஒவ்வொன்று குடுக்கலாம். ஒரு காலத்தில் இதை முதலீடு என்று சொல்லி வித்தார்கள். நான் அப்படி நம்பி வாங்கின ரெண்டு படத்தை இப்ப வித்தால் பிரேம் காசுதான் மிஞ்சும். வாங்கிச் சேர்த்த தலைமுறை வயசாகிப் போய்ச் சேர, பிள்ளைகள் எல்லாத்தையும் ஏலத்துக்கு விடுகினம். அதாலதான் குன்னத்தூரான் தம்பிக்கு 62 பவுணுக்குக் கிடைச்சது.

கையெழுத்து விசயத்தில் நான் முதல் பார்ப்பது ஆண்டுக் கணக்கு. படம் எந்த ஆண்டு வெளிவந்தது, கையெழுத்துக்காரர் எந்த ஆண்டு செத்தார்? ரெண்டு காலும் இழந்தும் பறந்த பிரிட்டிஷ் விமானி டக்ளஸ் பேடர் 1982இல் போய்விட்டார். இன்னொரு பிரிட்டிஷ் விமானி ஸ்டான்ஃபர்ட் டக் 1987. ஜெர்மன் விமானிகளில் ஹார்ட்மன் 1993, கல்லண்ட் 1996. ஒரு 1990 ஆம் ஆண்டுப் படத்தின் தாளிலேயே பேடர் கையெழுத்து இருக்கு என்று ஒருவர் எனக்கு விக்கப் பார்த்தார். “பேடருக்குக் காலில்லைதான், ஆனால் கல்லறையிலிருந்து எழும்பி வந்து கையெழுத்துப் போட்டாரோ” என்று கேட்டன். ஆள் பிறகு பதிலே போடவில்லை. கவனம்: பழைய கடிதத்தில இருந்து வெட்டின கையெழுத்தை மவுண்டுக்குள்ள (படத்தைச் சுற்றி வைக்கிற அட்டை) தனியாய் வைத்து விக்கிறது வேறு. அது நேர்மையான வியாபாரம், ஆனால் அதை மற்றதோடு குழப்பக்கூடாது.

சான்றிதழில் இல்லாத கையெழுத்து எல்லாம் கள்ளம் என்றும் இல்லை. இங்கிலாந்தில் டக்ஸ்ஃபர்ட் என்ற இடத்தில் ஒரு விமானக் காட்சிக்குப் போயிருந்தன். கூடாரத்துக்குள்ள ஒரு மேசை, பின்னால் ரெண்டு கிழவர்கள். சனம் வீட்டிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்த படத்தை விரிச்சுப் பிடிக்க, அவர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்படிப் பிறகு சேர்ந்த கையெழுத்துக்குச் சான்றிதழ் எங்கால வரும்?

#5 சூலூர்க்காரன்

குமரன் சொன்னது சரி. நான் விமானியும் இல்லை, சேகரிப்பாளனும் இல்லை. விமானப்படையில் ஏர்மேனாக இருந்து அஜித் விமானத்தில் வேலை பார்த்தவன். (நடிகரை நினைக்காதீர்கள், நேட் என்கிற சிறு போர்விமானத்தை மேம்படுத்தி நம் அரசு நிறுவனமான எச்.ஏ.எல். செய்தது. 1991இல் ஓய்வு பெற்றது.) பாப் டோ பெயரைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த மனிதர் 14 வயதில் பள்ளியை விட்டு ஒரு பத்திரிகை அலுவலகத்தில் எடுபிடி வேலைக்குப் போனவர். 20 வயதில் 234ஆம் ஸ்குவாட்ரனில் ஸ்பிட்ஃபயர் ஓட்டினார். 1940 ஆகஸ்ட் 15, முதல் சண்டையிலேயே இரண்டு 110களை வீழ்த்தியதாகக் கணக்கு. உங்கள் படத்தில் இருப்பது அந்த நாளாகவே இருக்கலாம். பிறகு 238ஆம் ஸ்குவாட்ரனில் ஹரிக்கேன் என்கிற இன்னொரு போர்விமானம். அக்டோபர் 10 அன்று அடிபட்டு பாராசூட்டில் குதித்து பிரவுன்ஸீ தீவில் இறங்கினார். 1941 ஜனவரியில் இரவில் எஞ்சின் கோளாறோடு இறங்கும்போது முகமே சிதைந்து, பல அறுவை சிகிச்சைகள்.

நம் ஆட்களுக்குத் தெரியாத பகுதி இதற்குப் பிறகுதான். அவர் பர்மா போர்முனைக்கு வந்து இந்திய விமானப்படையின் 10ஆம் ஸ்குவாட்ரனை நடத்தினார். அவருக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது அதற்குத்தான், பிரிட்டன் சண்டைக்கு (1940இல் ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து இங்கிலாந்து வானில் நடந்தது) அல்ல. 2010இல் காலமானார். ஆக, உங்களிடம் இருப்பது நம் படையில் கமாண்டராக இருந்தவர் கையெழுத்து.

மெட்ராஸ் விஷயம்: ஆமாம், நம்ம மெட்ராஸ்தான். போருக்கு நிதி கொடுத்த ஊர்களின் பெயரை ஸ்குவாட்ரனுக்கு வைப்பது அப்போது வழக்கம். 234, 264 இரண்டுக்கும் மெட்ராஸ் பிரசிடென்சி என்று பெயர். 152க்கு ஹைதராபாத், 129க்கு மைசூர். 129இன் சின்னத்தில் மைசூரின் இரட்டைத் தலைக் கண்டபேருண்டப் பறவையே உட்கார்ந்திருக்கும். ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று விலை போட்டு வசூலித்தார்கள்.

#6 தட்டான்

வசூல் என்பதைக் கொஞ்சம் அழுத்திப் படிக்கவும். என் தாத்தா அப்போது கிராமத்தில் கணக்குப்பிள்ளை. யுத்த நிதிக்கு மனதாரக் கொடுத்தவர்களும் உண்டு, தாசில்தார் திண்ணையில் வந்து உட்கார்ந்ததால் கொடுத்தவர்களும் உண்டு என்பார். அந்த 5,000 பவுண்டில் எத்தனை பேருடைய நெல் இருக்கிறதோ. அவர்கள் கையெழுத்து எந்த ஓரத்திலும் இல்லை.

#7 குன்னத்தூரான்

லூப் கிடைத்தது. தெருமுனையில் நகை வேலை செய்கிற அண்ணனிடம் இரவல். வானம் முழுக்கப் புள்ளி. கையெழுத்தில் புள்ளி இல்லை. டார்ச்சைச் சாய்த்ததும் மூன்று கையெழுத்தும் மீன் செதில் மாதிரி மின்னின. நகைக்கார அண்ணனும் எட்டிப் பார்த்துவிட்டு, “இது யார் எழுதினது தம்பி, எம்.எல்.ஏ.வா?” என்றார்.

இரண்டாவது கையெழுத்து இன்னும் பிடிபடவில்லை. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ ஒரு சொல் இருக்கிறது. வெளிச்சத்தில் மறுபடி பார்க்கிறேன். நாளைக்கு பிரேம் கடைக்குக் கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன்.

#8 பழையகாகிதம்

நில்லுங்கள்! நாளைக்குப் போகாதீர்கள். இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என்னுடைய முதல் படம். பெயர் வேண்டாம், ஒரு லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம், நான்கு பேர் கையெழுத்து. மூன்று மாதச் சேமிப்பு. எங்கள் பகுதியில் சாமி படங்களுக்கு பிரேம் போடும் ஒரு கடையில் கொடுத்தேன். மறுநாள் போனால் படம் ஜம்மென்று தங்கக் கலர் சட்டத்தில் சிரிக்கிறது. ஓரம் எங்கே? “அந்த வெள்ளை இடம் சும்மா அசிங்கமா இருந்துச்சு சார், யாரோ பென்சில்ல வேற கிறுக்கியிருந்தாங்க. வெட்டிட்டு கச்சிதமா போட்டுட்டேன்.” குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். மூன்று கையெழுத்து கிடைத்தது, நாலாவதில் பாதி. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவர் பிழைப்பில் வெள்ளை ஓரம் என்பது வெட்டி எறிகிற பொருள். சொல்லாதது என் தப்பு.

அதோடு, படத்தை முழுசாகப் பசை தடவி ஹார்ட்போர்டில் ஒட்டியும் விட்டார். முருகர் படத்துக்கு அது சரி. இந்த மாதிரி அச்சை ஒட்டிவிட்டால் திரும்ப எடுக்கவே முடியாது, வாங்குகிறவரும் தொடமாட்டார்.

ஆகவே கடைக்காரர் பக்கத்திலேயே நின்று செய்யவையுங்கள். தாளின் மேல் விளிம்பில் மட்டும், தண்ணீரில் கரையும் மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியக் காகிதமும் வைத்துக் கீல் மாதிரித் தொங்கவிட வேண்டும். செலோடேப் கூடவே கூடாது, பத்து வருடத்தில் பழுப்புக் கறை ஊறிவிடும். மவுண்ட் அட்டை அமிலமில்லாததாக இருக்கட்டும். கிடைக்காவிட்டால் ஆர்ட் பொருள் விற்கும் பெரிய கடைகளில் தருவித்துக் கொடுப்பார்கள். படம் கண்ணாடியைத் தொடக்கூடாது, நம் ஊர் ஈரத்துக்கு ஒட்டிக்கொள்ளும். பின்னால் அட்டைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு தக்கை வைத்து இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் ராமபாணப் பூச்சி குடும்பத்தோடு குடிவரும்.

வெயில் படாத சுவர். பென்சில் வெளுக்காது, அந்த வகையில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஸ்கெட்ச் பேனாவில் போட்ட கையெழுத்துகள் ஐந்தாறு வருடத்தில் ஆவியாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் படத்தின் நிறம் வெளுக்கும். முதலில் சிவப்பும் மஞ்சளும் போய், கடைசியில் எல்லாம் நீலம் பாய்ந்து நிற்கும்.

#9 குன்னத்தூரான்

ஐயோ. நல்லவேளை கேட்டேன். நன்றி ஐயா.

#10 சூலூர்க்காரன்

படத்தின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓவியர் ஒரு இடத்தில் கோட்டை விட்டிருக்கிறார்.

ஸ்பிட்ஃபயர் ஒன்றில் எட்டு பிரவுனிங் துப்பாக்கிகள். இறக்கையின் முன்விளிம்பில் அவற்றின் வாயை அடைத்துத் துணி ஒட்டி, டோப் என்கிற சிவப்புப் பூச்சு பூசிவிடுவார்கள். தூசியும் ஈரமும் போகாமல் இருக்க, மேலே குளிரில் உறையாமல் இருக்க. முதல் குண்டு போனதுமே துணி கிழிந்துவிடும். உங்கள் படத்தில் முன்னால் போகிற விமானம் சுடுகிறது, ஆனால் சிவப்புத் துணி எட்டும் புத்தம் புதிதாக ஒட்டியபடியே இருக்கிறது!

கீழே காத்திருக்கும் ஃபிட்டருக்கும் (விமானத்தைப் பராமரிப்பவர்) ஆர்மரருக்கும் (துப்பாக்கிகளைக் கவனிப்பவர்) அதுதான் முதல் சேதி. விமானம் திரும்பி வரும்போது இறக்கையில் விசில் மாதிரிச் சத்தம் கேட்டால் துணி கிழிந்திருக்கிறது, சண்டை நடந்திருக்கிறது. உடனே எட்டுக்கும் குண்டுப் பட்டை மாற்ற ஓடவேண்டும். ஒரு துப்பாக்கிக்கு சுமார் 300 குண்டு. அழுத்திப் பிடித்தால் 15 விநாடியில் காலி. அந்த 15 விநாடிக்காகக் கீழே இருப்பவன் நாள் முழுக்க எண்ணெயில் குளிப்பான்.

#11 தட்டான்

என் ஆட்சேபமே இதுதான். இந்தப் படங்கள் ரிவெட் (விமானத் தகட்டு ஆணி) எண்ணும் படங்கள். எல்லா விமானமும் பத்தடி இடைவெளியில் வரிசையாக வந்து போட்டோவுக்கு நிற்கிற மாதிரி இருக்கும். எதிரி விமானம் என்பது உண்மையில் கண்ணாடியில் ஒட்டிய கடுகு. அது ஈ ஆகி, விமானம் ஆகி, மறைந்துவிடும்.

லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் ஓவியர் பால் நேஷ் 1941இல் முடித்த பிரிட்டன் சண்டை ஓவியம் இருக்கிறது. ஸ்குவாட்ரன் எண், எழுத்து எதையும் படிக்க முடியாது. வளைந்து போகிற ஆறு, மேலே வெள்ளைப் புகைக் கோலம். அவ்வளவுதான். எனக்கு அதில்தான் வானம் தெரிகிறது. அதற்கு எந்த விமானியும் கையெழுத்துப் போடத் தேவையில்லை.

#12 பழையகாகிதம்

நேஷ் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். ஃபிராங்க் வூட்டன் நார்மண்டியில் போர்முனைக்கே போய் உட்கார்ந்து வரைந்தவர், பிறகு இந்தியா, பர்மா பக்கமும் வந்தவர். அவர் மேகத்தைப் பாருங்கள். விமானத்தை எடுத்துவிட்டாலும் அது ஒரு நல்ல நிலக்காட்சி ஓவியம். வாஷிங்டன் விமான அருங்காட்சியகத்தில் கீத் ஃபெர்ரிஸ் 1976இல் சுவரில் வரைந்த பி-17 (அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம்) இருக்கிறது. 75 அடி நீளம், 25 அடி உயரம். அதில் ரிவெட் எண்ணினால்தான் என்ன, எண்ணட்டுமே. பிரிட்டிஷ் விமான ஓவியர் ராபர்ட் டெய்லரை நீங்கள் கிண்டல் செய்யலாம், ஆனால் அவருடைய தொடக்க கால ஸ்பிட்ஃபயர் அச்சில் பேடரும் இன்னொரு விமானி ஜானி ஜான்சனும் சேர்ந்து போட்ட கையெழுத்தைப் பார்க்கும்போது எனக்குப் படம் இரண்டாம் பட்சம்தான்.

#13 சூலூர்க்காரன்

நம்மிடம் இந்தப் பழக்கம் வேர்பிடிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். 1971 நவம்பர் 22, கிழக்கு பாகிஸ்தான் எல்லையருகே போய்ரா. நம் நான்கு நேட்கள், பாகிஸ்தானின் இரண்டு சேபர் போர்விமானங்களை வீழ்த்தி மூன்றாவதைச் சேதப்படுத்தின. ஓட்டியவர்கள் மாஸி, கணபதி, லாசரஸ், சோரஸ். அன்று பிடிபட்ட பாகிஸ்தான் விமானி பர்வேஸ் மெஹ்தி குரேஷி பின்னாளில் அவர்கள் விமானப்படைக்கே தலைவரானார். இரண்டு தரப்பும் ஒரே தாளில் பென்சிலால் கையெழுத்துப் போட்டிருந்தால்? கல்லண்டும் டக்கும் அந்த மாதிரிப் போருக்குப் பிறகு நண்பர்களாகவே இருந்தார்களே.

#14 தட்டான்

கல்லண்ட் ஹிட்லருக்காகப் பறந்தவர் சார். அவர் கையெழுத்தை வரவேற்பறையில் மாட்ட எனக்குக் கை வராது.

#15 ஈஸ்ட்ஹாம் குமரன்

அதைப் பற்றி நான் கொஞ்சம் வேறு மாதிரி.

எனக்கு எட்டு வயசில் யாழ்ப்பாணத்தில் பொம்மர் சத்தம் கேட்டால் பங்கருக்குள்ள ஓடுகிறதுதான் பழக்கம். சத்தத்தை வைச்சே ஹெலியா பொம்மரா என்று சொல்லுவம். அது ஒரு விளையாட்டு மாதிரியும் இருந்தது. இந்தப் படங்களில் கீழே நிலம் எப்பவும் பச்சையும் மஞ்சளுமாய்ச் சதுரம் சதுரமாய்க் கிடக்கும். வடிவாய் இருக்கும். ஒரு ஆள் இராது. நான் அந்தச் சதுரத்துக்குள்ள நின்று மேல பார்த்தவன்.

பிறகேன் வாங்கிறாய் என்று மனிசி கேட்பா. என்னட்ட இருக்கிற ஏழு படமும் சண்டை விமானங்கள்தான், குண்டுபோடுகிற விமானம் ஒன்றுமில்லை. யோசிச்சுச் செய்ததில்லை, ஒருநாள் சுவரைப் பார்த்தபோதுதான் விளங்கிச்சு. டக்ஸ்ஃபர்ட் கூடாரத்தில் அந்தக் கிழவருக்குக் கை நடுங்கி, ஒரு எழுத்து எழுதி நிறுத்தி, மற்ற எழுத்து எழுதினார். பின்னால் வரிசை நீண்டுகொண்டு போச்சு. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. நான் அந்தத் தாளைத்தான் வாங்கினன், படம் என்ன என்று வீட்டுக்கு வந்துதான் வடிவாய்ப் பார்த்தன்.

2025 மார்ச்சில் ஜோன் ஹெமிங்வே 105 வயசில் போய்விட்டார். அவர்தான் பிரிட்டன் சண்டை விமானிகளில் கடைசி ஆள். இனி அந்தச் சண்டைக்குப் புதுக் கையெழுத்து இல்லை. இனி வருகிறது எல்லாம் ஒன்றில் பழசு, இல்லாட்டிக் கள்ளம்.

#16 தட்டான்

குமரன், இதற்குமேல் கிண்டல் பண்ண எனக்கு ஒன்றுமில்லை. உங்கள் சுவரை ஒருநாள் காட்டுங்கள்.

#17 குன்னத்தூரான்

மன்னிக்கவும், இரண்டு வாரம் ஆகிவிட்டது. பிரேம் போட்டாயிற்று. கடைக்காரர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கத்தரி எடுக்கும்போதெல்லாம் எழுந்து நின்றதால், “நீங்களே போட்டுக்கங்க சார்” என்று ஒருமுறை கோபித்துக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். வீட்டில் செலவையும் சொல்லிவிட்டேன். அதை இங்கே விவரிக்க விருப்பமில்லை.

முக்கியமான சேதி. பிரேமுக்குள் போகும் முன் காலை வெயில் வெளிச்சத்தில் இரண்டாவது கையெழுத்தை மறுபடி லூப்பில் பார்த்தேன். பெயரை இங்கே எழுதவில்லை, அவர் குடும்பத்தார் யாராவது இருக்கலாம். கீழே இருந்த பொடிச் சொல் பிடிபட்டுவிட்டது: ‘ஃபிட்டர், 234’. விமானி இல்லை. பாப் டோவின் கையெழுத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி, அதைவிடச் சின்னதாக எழுதியிருக்கிறார்.

ஒரு டீலரிடம் கேட்டுப் பார்த்தேன். தரைப்பணியாளர் கையெழுத்துக்குத் தனி விலை கிடையாது, அதுவும் சான்றிதழில் இல்லாததால் விலையைக் குறைத்துத்தான் போடுவோம் என்றார்.

#18 சூலூர்க்காரன்

விற்காதீர்கள் தம்பி. விற்பதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், பெயரை எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

ஒரே ஒரு கேள்வி. அந்தக் கையெழுத்து படத்தில் எந்த இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது? முன்னால் போகிற விமானத்தின் இறக்கைக்குக் கீழேயா?

#19 குன்னத்தூரான்

ஆமாம் ஐயா, சரியாக அங்கேதான். சிவப்புத் துணிகளுக்கு நேர் கீழே. இன்னொரு விஷயம், லூப்பில்தான் தெரிந்தது: அந்த எட்டில் முதல் துணியின் மேல் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்.

#20 சூலூர்க்காரன்

ஹா! அதைப் பெரிதாக்கி ஒரு போட்டோ அனுப்புங்கள். இன்றைக்கே.